எங்கள் பேரும் பதியப்பட வேண்டும்

(சங்கத்தின் பேராளர் கூட்டத்தில், வன்னிப் பிரதேச கல்குவாரி மற்றும் கனரக இயந்திரத் தொழிலாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் வந்து உங்கள் முன் நிற்கிறோம். எங்களில் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெக்கோ, லோடர், டோசர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரஷரில் நிற்கிறவர்கள், டிப்பர் ஓட்டுகிறவர்கள், கல்லில் துளை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "இவர்கள் கொழுந்து பறிக்கிறவர்களும் இல்லை, பால் வெட்டுகிறவர்களும் இல்லை. தோட்டச் சங்கத்தில் இவர்களுக்கு என்ன அலுவல்?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு எங்கள் கோரிக்கைக்கு வருகிறோம்.

நாங்கள் யார்?

எங்களில் அநேகரின் தாத்தா பாட்டிமார் லயத்தில் பிறந்தவர்கள். 1958இல் அடி விழுந்து சிலர் வடக்கே வந்தார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டத்தில் மா இல்லை, அரிசி இல்லை என்று சிலர் வந்தார்கள். 1977இலும் 1983இலும் வீடு எரிந்து, உடுத்த துணியோடு பெருந்தொகையாக வந்தார்கள். காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கத்தில் குடியேற்றிய குடும்பங்களும் எங்களில் உண்டு. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று போய்ப் பாருங்கள். பதுளைப் பேச்சும் ஹட்டன் பேச்சும் அங்கே இன்னும் கேட்கும். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடை எங்கள் மண்ணில்தான் தொடங்கியது.

வந்தவர்கள் காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். ஆனால் காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குளத்துத் தண்ணீர் பாயும் வயல் எங்களில் மிகச் சிலருக்குத்தான் உண்டு. நிலம் இல்லாதவன் கூலிக்குத்தான் போவான். 2009இல் போர் முடிந்து, முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் இயந்திரங்கள் வந்தன. ஏ9 வீதி, உள்வீதிகள், குளக்கட்டுகள், இந்திய வீட்டுத்திட்டம், 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்த ரயில் பாதை என்று எல்லாமே ஒரே காலத்தில் நடந்தன. உழவு இயந்திரம் ஓடத் தெரிந்த பொடியன்களெல்லாம் பெக்கோவில் ஏறினார்கள். ஹெல்பராகப் போய் கிரீஸ் அடித்தவன் இரண்டு வருடத்தில் ஒப்பரேட்டர் ஆனான். அப்படி உருவானதுதான் எங்கள் தொழில்.

என்ன வேலை செய்கிறோம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். வீதிக்கும் கொங்கிரீட்டுக்கும் வேண்டிய கருங்கல் அங்கே கிடையாது. வன்னியின் தெற்குப் பக்கத்தில்தான் பழைய கடும்பாறை இருக்கிறது. புவியியல் படித்தவர்கள் அந்தப் பாறை வகைக்கே 'வன்னித் தொகுதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குவாரிகள் வந்தன. கிரவல் வெட்டும் இடங்கள், ஆற்றுமணல் எடுக்கும் இடங்கள் வேறு. முல்லைத்தீவின் எல்லை தாண்டினால் புல்மோட்டையில் இல்மனைட் மணல் எடுக்கிறார்கள்.

குவாரியில் முதலில் பாறையில் துளை போட்டு வெடி வைப்பார்கள். வெடித்து விழுந்த பாறையை பிரேக்கர் பூட்டிய எக்ஸ்கவேட்டர் உடைக்கும். பிறகு அது டிப்பரில் ஏறி கிரஷருக்குப் போகும். அங்கே ஒன்றரை இஞ்சி, முக்கால் இஞ்சி, சிப்ஸ், டஸ்ட் என்று பிரிந்து விழும். 100 கனஅடி ஒரு கியூப். விற்பனையெல்லாம் கியூப் கணக்கில் நடக்கிறது. எத்தனை கியூப் போனது என்று முதலாளி கணக்கு வைத்திருக்கிறார், அரசாங்கமும் கணக்குக் கேட்கிறது. அதை ஏற்றிவிட்டவன் யார் என்று ஒரு கணக்கிலும் இல்லை. நாங்கள் இங்கே பேச வந்த விஷயம் இதுதான்.

மீட்டர் ஓடினால்தான் சம்பளம்

தோட்டத்தில் உங்களுக்கு செக்ரோல் இருக்கிறது. பிரட்டுக்கு வந்தால் பேர் விழும். எடை குறைந்தால் அரைப் பேர் போடுகிறார்கள் என்று சண்டை பிடிக்கிறீர்கள். அந்தச் சண்டை நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அரைப் பேர் என்றாலும் புத்தகத்தில் ஒரு பேர் இருப்பதால்தான் உங்களால் சண்டை பிடிக்க முடிகிறது. பேர் பதிந்தவருக்கும் கைகாசு ஆளுக்கும் உள்ள வித்தியாசம் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கனரக இயந்திரத்தில் நாங்கள் எல்லோருமே கைகாசு ஆட்கள்.

எங்களுக்குச் சம்பளம் இயந்திரத்தின் மணித்தியால மீட்டரைப் பார்த்துத்தான். இயந்திரம் ஓடினால் காசு. மழை பெய்தால், டீசல் வராவிட்டால், ஹைட்ரோலிக் ஹோஸ் வெடித்தால், வெடிமருந்து அனுமதி பிந்தினால் காசு இல்லை. ஆனால் நாங்கள் அங்கேதான் நிற்க வேண்டும். இரவில் டீசல் களவு போகாமல் காவலுக்குப் படுப்பதும் ஒப்பரேட்டர்தான். அந்த இரவுக்கு மீட்டர் ஓடாது.

மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குவாரி அனுமதிப்பத்திரம் ஒருவர் பேரில் இருக்கும். அவர் வேலையை ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கொடுப்பார். ஒப்பந்தக்காரர் இயந்திரத்தை இன்னொருவரிடம் வாடகைக்கு எடுப்பார். இயந்திரக்காரர் எங்களைக் கூப்பிடுவார். அவர் பெரிய பணக்காரர் என்று நினைக்க வேண்டாம். லீசிங் கட்ட முடியாமல் தூக்கம் இல்லாமல் இருக்கும் மனிதர், சில வேளைகளில் எங்கள் மாமனோ மச்சானோதான். பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி, ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு: நம் பாட்டன்மார் பட்ட அதே ஏணி. ஏணியில் ஒவ்வொரு படியிலும் ஒருவர் இருக்கிறார். "நீ யாருடைய ஆள்?" என்று கேட்டால் மட்டும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

முற்பணம் என்று ஒன்று இருக்கிறது. தங்கச்சி கல்யாணம், பிள்ளைக்கு வருத்தம் என்று வாங்குவோம். வாங்கினால் அது முடியும்வரை வேறு இடம் போக முடியாது. போவதென்றால் புது முதலாளி பழைய கடனைக் கட்டி எடுக்க வேண்டும். வயதான தோழர்கள் இதைக் கேட்டதும் தலையை ஆட்டுகிறீர்கள். துண்டு முறை என்று பெயர் வைத்து, கடனோடு ஆளைக் கைமாற்றிய முறை தோட்டத்தில் 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து எழுத்தில் இல்லாமல் எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு தம்பியின் கதை

எங்களோடு வேலை செய்த ஒரு தம்பியின் விஷயத்தைச் சொல்கிறோம். பேரையும் இடத்தையும் சொல்லவில்லை, விசாரணை நடக்கிறது. அவர் எக்ஸ்கவேட்டரை மேல் விளிம்பில் வைத்துக் கல் தள்ளிக்கொண்டிருந்தார். கீழே அடிப்பக்கம் ஏற்கனவே குடைந்து எடுத்திருந்தார்கள். மழைக்குப் பிறகு விளிம்பு உள்வாங்கியது. இயந்திரம் சரிந்தது. அவர் குதிக்கப் பார்த்தார், கால் அகப்பட்டுக்கொண்டது.

அடுத்த நாளே காப்புறுதிக்காரர் வந்தார். படம் எடுத்தார், அளந்தார், எழுதினார். எல்லாம் இயந்திரத்துக்கு. அதற்குப் பதிவுப் புத்தகம் இருந்தது, காப்புறுதி இருந்தது, லீசிங் கம்பனியில் ஒரு கோப்பு இருந்தது. இரண்டு மாதத்தில் அது திருத்தப்பட்டு வேறு ஒரு இடத்தில் வேலைக்கு நின்றது. தம்பி அப்போதும் வைத்தியசாலையில்தான் இருந்தார். நட்டஈட்டுக்காகத் தொழில் அலுவலகத்துக்குப் போனபோது முதல் கேள்வி, "யாரிடம் வேலை செய்தீர்கள்? என்ன அத்தாட்சி இருக்கிறது?" என்பதுதான். கேட்ட உத்தியோகத்தரில் குறை இல்லை. அவர் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எங்களிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி இலக்கம் இல்லை.

கடைசியில் என்ன கிடைத்தது தெரியுமா? டீசல் துண்டுகள். பவுசர் வந்து டீசல் இறக்கும்போதெல்லாம் அவர் கையெழுத்து வைத்திருந்தார். இயந்திர இலக்கம், திகதி, மீட்டர், அவருடைய கையெழுத்து. அந்தத் துண்டுகளின் பிரதிகளும், தொலைபேசியில் வந்த குரல் செய்திகளும் இருந்தபடியால்தான் இன்று விசாரணை என்ற ஒன்று நடக்கிறது. அவர் அங்கே வேலை செய்தார் என்பதை மனிதர்கள் சொல்லவில்லை, டீசல் கணக்குச் சொல்லியது.

உயிருக்கு என்ன ஆபத்து?

இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள். தோட்ட நாட்கூலியைவிட அதிகம் கிடைக்கிறது என்பது உண்மை. அதனால் ஆபத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது விளிம்பு. பாறையைப் படி படியாக வெட்டி இறங்க வேண்டும். நேர்ச்சுவராக வெட்டி அடியைக் குடைந்தால் மேலே நிற்பவனும் கீழே நிற்பவனும் சாவார்கள். இயந்திரத்தை விளிம்புக்குத் தூரத்தில், உறுதியான தரையில் நிறுத்த வேண்டும். பெல்ட் போட வேண்டும். இயந்திரம் சரியும்போது கூடு அநேகமாகத் தாங்கும், வெளியே பாய்கிறவன்தான் நசுங்குகிறான்.

இரண்டாவது வெடிக்காத வெடி. பத்துத் துளையில் ஒன்பது வெடித்து ஒன்று அப்படியே இருக்கலாம். வெடித்த இடத்துக்குள் முதலில் போகிறது பிரேக்கர். வெடி வைத்தவர் வந்து பார்த்து, சரி என்று சொல்லாமல் ஒருவனும் உள்ளே போகக்கூடாது. "நேரம் போகிறது, இறக்கு" என்று சொல்கிறவர் அந்த இருக்கையில் உட்காருவதில்லை.

மூன்றாவது வன்னிக்கே உரியது. எங்கள் மண்ணுக்குள் போர் இருக்கிறது. போர் முடிந்து இத்தனை ஆண்டு கழிந்தும் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியவில்லை. கிரவல் வெட்டும்போது, குளம் தூர்வாரும்போது துருப்பிடித்த ஷெல் வாளியில் வரும். வந்தால் வாளியை ஆட்டாமல் இயந்திரத்தை நிறுத்தி, வந்த சக்கரத் தடத்திலேயே நடந்து வெளியேறி, ஆட்களை விலக்கி, பொலிஸுக்கு 119க்கு அறிவிக்க வேண்டும். தூக்கி ஓரமாக வைக்கவே கூடாது.

மனித எலும்பு வந்தாலும் அப்படித்தான். 2023 ஜூன் இறுதியில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலம் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. வேலை நின்றது, நீதிமன்றம் தலையிட்டது, அது ஒரு மனிதப் புதைகுழி என்று நாடறிந்தது. அந்த இடத்தில் யாராவது மண்ணைப் போட்டு மூடிவிட்டு அடுத்த மீட்டருக்கு நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காணாமல் போன பிள்ளையைத் தேடி வீதியில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் தேடும் பதில் எங்கள் வாளியில் வரக்கூடும். அந்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்துகிறவன் தன் நாட்சம்பளத்தை இழக்காமல் இருக்க வேண்டும். இதையும் தொழிற்சங்கக் கோரிக்கையாகவே வைக்கிறோம்.

நான்காவது தூசு. இது சத்தமில்லாமல் கொல்லும். கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் போய்த் தங்கி, பத்துப் பதினைந்து வருடம் கழித்து மூச்சை அடைக்கும். சிலிக்கோசிஸ் என்பார்கள். வந்தால் மாற்ற மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டும். 1997இல் உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்தத் தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. துணியைக் கட்டிக்கொண்டால் அது நிற்காது. துளை போடும் இடத்திலும் கிரஷர் வாயிலும் தண்ணீர் தெளிக்க வேண்டும். கெபினின் கண்ணாடியும் வடிகட்டியும் நன்றாக இருக்க வேண்டும். கிரஷருக்குப் பக்கத்தில் சுத்தியலால் கல்லுடைக்கும் பெண்களும் இதே தூசைத்தான் சுவாசிக்கிறார்கள், அவர்களுக்குக் கெபினும் இல்லை. இருமலுக்கு மருந்தெடுக்கப் போனால், "நான் குவாரியில் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் நோய் அட்டையில் ஏறட்டும்.

அகப்படுகிறவன் யார்?

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கல்லோ மணலோ எடுக்க முடியாது, ஏற்றிச் செல்லவும் தனி அனுமதி வேண்டும். நல்ல சட்டம். கண்டாவளை, கல்லாறுப் பக்கம் ஆற்றைத் தோண்டித் தோண்டி என்ன நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அங்கே இருக்கும் விவசாயிகளைக் கேளுங்கள். கிணறு உவராகும் பயம் எங்களுக்கும் உண்டு, அது எங்கள் கிணறும்தான்.

ஆனால் இரவில் பிடிபடுவது யார்? பத்திரிகையில் வாசிக்கிறீர்கள்: "டிப்பர் கைப்பற்றப்பட்டது, சாரதி கைது." அனுப்பியவர் வீட்டில் தூங்குகிறார். அனுமதி இருக்கிறதா என்று ஒப்பரேட்டர் கேட்டால், "உனக்கு எதுக்கு அது? ஓட்டுறியா, வேற ஆள் பாக்கவா?" என்பதுதான் பதில். ஆகவே நாங்கள் தீர்மானித்திருக்கிறோம்: அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கண்ணால் காணாமல் சாவியைத் தொடுவதில்லை. தனி ஆளாக இதைச் சொன்னால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் பிரதியைக் காட்டுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எங்களுக்கு ஒரு சட்டமும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. சட்டங்களை வரிசையாகச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டம். தொழிலாளி 8 வீதம், தொழில் கொள்வோர் 12 வீதம். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, துண்டுவேலை என்ற பேதம் இல்லை, முதல் நாளிலிருந்தே உரியது. அதோடு 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும், அதில் எங்கள் பணம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது.

இரண்டு, வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 1934இலிருந்து இருக்கிறது. 2022இல் திருத்தியபோது உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக்கினார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். தொழிலால் வரும் நோய்க்கும் நட்டஈடு கோரலாம். வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரிடமும் கோரச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த ஏணியை உடைக்க எங்களிடம் இருக்கும் கோடரி அதுதான்.

மூன்று, தேசிய குறைந்தபட்ச வேதனம். 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஹெல்பர் பொடியனுக்கும் இது பொருந்தும். "சாப்பாடு போடுறோம், வேலை பழகுறாய்" என்று சொல்லிச் சம்பளத்தை விழுங்க முடியாது.

நான்கு, சங்கம். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கத்தைப் பதிய விண்ணப்பிக்கலாம். சங்கத்தில் சேர்ந்தான் என்று வேலையை விட்டு நிறுத்துவதை 1999இல் வந்த கைத்தொழிற் பிணக்குத் திருத்தச் சட்டம் தடுக்கிறது.

இவற்றோடு, 1995இல் சர்வதேச தொழில் தாபனம் சுரங்கங்களுக்கென்றே 176ஆம் இலக்க சமவாயத்தை நிறைவேற்றியது. கடும் ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகத் தோன்றினால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று அது சொல்கிறது. எங்கள் கோரிக்கைக்கு உலக அளவில் ஒரு அளவுகோல் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் நெய்வேலி இருக்கிறது. 1956இல் தொடங்கிய அரசு நிறுவனம். எங்கள் எக்ஸ்கவேட்டரெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய சக்கர வாளி இயந்திரங்கள் அங்கே பழுப்பு நிலக்கரியை வெட்டுகின்றன. அங்கேயும் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று இரண்டு வகை. ஒரே குழியில் நிற்கும் இருவருக்கும் சம்பளமும் சலுகையும் வேறு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்களை நிரந்தரமாக்கும்படி வருடக்கணக்காகப் போராடி வருகிறார்கள். சட்டத்தில் எழுதியிருப்பதை வாங்குவதற்கும் சங்கம் வேண்டும் என்பதை அவர்களிடம் கற்றோம்.

தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் இதே சிலிக்கா தூசுதான். வழக்குப் போட்டார்கள். 2019இல் ஆறு கம்பனிகளோடு ஏற்பட்ட இணக்கத்தை ஜொகன்னஸ்பர்க் மேல் நீதிமன்றம் அங்கீகரித்தது. 1965ஆம் ஆண்டிலிருந்து அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் வரை நட்டஈடு கோர வழி பிறந்தது. செத்துப்போனவர்களின் குடும்பங்களும் கோரலாம். ஐம்பது வருடத்துக்கு முன் ஒருவர் எந்தச் சுரங்கத்தில் எத்தனை வருடம் வேலை செய்தார் என்பதை எப்படிக் காட்டினார்கள்? வேலைப் பதிவேடுகளை வைத்துத்தான். இன்று எங்கள் தூசைச் சுவாசிக்கும் பொடியனுக்கு 2045இல் மூச்சு முட்டினால், அவன் எந்தப் பதிவேட்டைக் காட்டுவான்?

நாங்கள் கேட்பது

தோழர்களே, இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறோம். தோட்டச் சங்கத்துக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?

உறவு இருக்கிறது என்பதால் மட்டும் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைகளும் இந்த இருக்கைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். தோட்டத்தில் பேர் பதிவது குறைகிறது, வெளிவேலை கூடுகிறது. இன்று வன்னியில் எங்களைக் கணக்கில்லாமல் வைத்திருக்க முடியுமென்றால், நாளை தோட்டத்துக்குள்ளேயே பாதையை வெட்டவும் மண்ணை அள்ளவும் வரும் ஆளையும் அப்படியே வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு கொழுந்தெடுக்கும் ஆளையும் அப்படி வைத்திருக்க எத்தனை நாள் ஆகும்? செக்ரோலில் பேர் வருவதற்காக உங்கள் முன்னோர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்த அனுபவம் உள்ள சங்கம் எங்களுக்கு வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு. வன்னியில் கல்குவாரி மற்றும் இயந்திரத் தொழிலாளர்களுக்கென்று சங்கத்தின் கிளை ஒன்றை ஆரம்பிக்க இந்தக் கூட்டம் தீர்மானம் எடுக்க வேண்டும். அதில் கிரஷரில் வேலை செய்யும் பெண்களுக்கும் நிர்வாகத்தில் இடம் வேண்டும். எங்கள் விபத்து வழக்குகளைக் கொண்டுநடத்த, தொழில் சட்டம் தெரிந்த சங்க உத்தியோகத்தர் ஒருவர் மாதத்தில் ஒரு நாளாவது கிளிநொச்சிக்கு வர வேண்டும். அடுத்தது பயிற்சி. கட்டுமான இயந்திரப் பயிற்சி நிலையம் அநுராதபுரத்தில் கல்குளமவில் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அனுபவத்தை வைத்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குத் தமிழில் இவை எட்டும்படி சங்கம் பேச வேண்டும். கடைசியாக, ஆபத்துக்காகவோ மண்ணில் கிடைத்ததற்காகவோ வேலையை நிறுத்துகிற ஒப்பரேட்டருக்கு அந்த நாள் சம்பளம் உண்டு என்பதைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கிளை அமையும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. எங்களில் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். திகதி, இடம், இயந்திர இலக்கம், காலை மீட்டர், மாலை மீட்டர், யார் சொல்லி வேலை, எவ்வளவு கைக்கு வந்தது என்று தினமும் எழுதுகிறோம். டீசல் துண்டை எறிவதில்லை, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். சாரதி அனுமதிப்பத்திரத்தில் 'ஜே' வகுப்பு இல்லாதவர்கள் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிரிக்கும். வெளியிடத்தில் இயந்திரத்தில் நிற்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்று இரவே தொலைபேசி எடுத்து இந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு கொப்பி, ஒரு பேனை, அவ்வளவுதான் செலவு.

முதலாளி எங்கள் பேரைப் பதியும் நாள் வரும். அதுவரை எங்கள் பேரை நாங்களே எழுதி வைக்கிறோம். தீர்மானத்தை ஆதரித்துக் கையை உயர்த்துங்கள் என்று கேட்டு விடைபெறுகிறோம்.